இரண்டு பள்ளிகளும் ஓர் இடது கையும்

கோடை விடுமுறை முடியப் போகிறது என்றால் எங்கள் தெருப் பெண்களுக்கு வேறு பேச்சே இருக்காது. எந்தப் பள்ளிக்கூடம் நல்லது என்பதுதான் பேச்சு. தெருக்குழாயடியில் குடம் நிரம்பி வழிந்து காலடியில் ஓடினாலும் ஒருத்தியும் கவனிக்க மாட்டாள். இரண்டாவது யுத்தம் வருவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. பெங்களூர் கண்டோன்மெண்டில், அல்சூர் ஏரிக்குப் போகும் சாலையை ஒட்டி எங்கள் தெரு. நடந்து போகிற தூரத்தில் நான்கு ஆரம்பப் பள்ளிகள் இருந்தன. அவற்றில் இரண்டுக்குத்தான் கட்சி.

கான்வென்டுக்கு மதிப்பு அதிகம், சம்பளமும் அதிகம். அதன் முன்வாசல் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் சட்டைக்காரர்கள் என்று நாங்கள் சொல்லும் ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைகளுக்கும். நம்மவர்களுக்குப் பின்பக்கம் தனியாக ஒரு வாசல். பின்வாசல் வழியாகப் போனாலும் கான்வென்ட் கான்வென்ட்தான் என்று சொல்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். அடுத்தது மிஷன் பள்ளி. கல் கட்டடம், உயரமான ஜன்னல்கள், தையல் வகுப்பு, இங்கிலீஷ் பாட்டு, கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆளுக்கொரு பொம்மை. மூன்றாவது முனிசிபல் தமிழ்ப் பள்ளி. ஜட்கா வண்டிக்காரர்களின் குதிரை லாயத்துக்குப் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு, உடைந்த ஓட்டுக் கூரையும் ஒரே ஒரு வாத்தியாருமாக இருந்தது. அதற்குக் கட்சி என்று யாரும் கிடையாது. வேறு வழியில்லாதவர்கள் அங்கே அனுப்பினார்கள், அவ்வளவுதான். நான்காவது உருதுப் பள்ளி. எங்களுக்கு அந்த பாஷை கடைத்தெரு அளவுக்குத்தான் வரும் என்பதால் அது எங்கள் பேச்சில் சேராது.

என் அப்பா மிலிட்டரி ஸ்டோர் ஆபீசில் குமாஸ்தா. பள்ளிக்கூடங்களை அவர் கட்டடத்தை வைத்துத்தான் எடை போட்டார். "கல்லு கட்டடம் பாத்தியா? அதுக்குள்ள குடுக்கற படிப்பும் அப்படித்தான் இருக்கும்," என்பார். பக்கத்து மேஜைக்காரர் தன் பெண்ணை மிஷனில் போட்டிருந்தது வேறு அவருக்குப் பெரிய அத்தாட்சி. ஆகவே என்னை மிஷனில் போட்டார். நான் அங்கே சந்தோஷமாகத்தான் இருந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்றாகப் பாடினேன், சுமாராகத் தைத்தேன், என் மேல் ஒரு அடி விழுந்ததில்லை. அந்தப் பள்ளியைப் பற்றி நான் சொல்லப் போவதைக் கேட்டு யாரும் அது மோசமான பள்ளி என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

என் தங்கை என்னைவிட நான்கு வயது இளையவள். இடது கைக்காரி. சாப்பிடுவது, கும்பிடுவது, ஒருவருக்கு ஒன்றைக் கொடுப்பது, வாங்குவது எல்லாம் வலது கையால் செய்ய அம்மா பழக்கியிருந்தாள்; அவளும் மறுபேச்சில்லாமல் பழகிக்கொண்டாள். இரண்டு காரியங்களுக்கு மட்டும் இடது கை தானாக முந்திக்கொண்டு வரும். ஒன்று மாங்காய்க்குக் கல் எறிவது, இன்னொன்று எழுதுவது. இரண்டிலும் குறி தப்பாது. எழுத்தறிவித்த நாளில் அப்பா அவளுடைய வலது விரலைப் பிடித்துத் தாம்பாளத்து அரிசியில் 'அ' எழுதவைத்தார். அவர் கையை விட்டதும் இவள் இடது விரலால் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு 'அ' எழுதினாள். அப்பா எழுதவைத்ததைவிட அதுதான் பார்க்க லட்சணமாக இருந்தது என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளையும் மிஷனிலேயே சேர்த்தோம். சின்ன வகுப்புக்கு ஒரு டீச்சரம்மா இருந்தார். வெள்ளைப் புடவை, தோளில் ஒரு ஊசி, எப்போதும் சோப்பு வாசனை. குழந்தைகளை அடிக்க மாட்டார், குரலையும் உயர்த்த மாட்டார். முதல் வாரமே தங்கையின் கையைக் கவனித்துவிட்டார். தையல் பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு நாடாவை எடுத்து, அவளுடைய இடது மணிக்கட்டை பெஞ்சின் ஓரச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார். நோகாமல்தான் கட்டினார். தலைப்பின்னலில் ரிப்பன் கட்டுவதுபோலப் பூ முடிச்சுப் போட்டு, "வலது கைதான் நல்ல கை, என்ன? ஒரு மாசம். அப்பறம் தானா வந்துடும்," என்று கன்னத்தைத் தட்டினார்.

வகுப்புகளைப் பிரிக்க அந்த ஹாலில் மூங்கில் தட்டிகள்தான் இருந்தன. அந்தப் பக்கம் என் வகுப்பில் உட்கார்ந்து தட்டியின் இடுக்கு வழியாக நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கை அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும், டீச்சரம்மாவின் மனசு இளகியிருக்கும். அவள் அந்த நாடாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலது கையில் வைத்த பலப்பம் சிலேட்டின் மேல் அப்படியே கிடந்தது. ஒரு மாதம் போயிற்று, இரண்டாவது மாதமும் போயிற்று. கேள்வி கேட்டால் பதில் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். காலையில் புறப்படும் நேரத்துக்கு வாந்தி எடுத்தாள்.

ஒருநாள் டீச்சரம்மாவே எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா மணை போட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. உங்க சின்னப் பொண்ணு கொஞ்சம் மந்தமா இருக்கா. பெரியவ சூட்டிகை. இவளுக்குப் படிப்பு ஏறல."

"வீட்ல நல்லா எழுதறாளே டீச்சரம்மா," என்றாள் அம்மா.

"எந்தக் கையால?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சரம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பொம்பளப் புள்ள. நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போயி பீச்சாங்கையால எழுதிட்டு நின்னா என்ன சொல்வாங்க? அவ நல்லதுக்குத்தான் பண்றேன்." அவர் கண்கள் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். எனக்கு அப்போது வந்த கோபத்துக்கு அவர் சோப்பு வாசனைகூடப் பிடிக்காமல் போயிற்று. ஆனால் அந்தக் கண்கள் பொய் சொல்லவில்லை என்று இன்று தெரிகிறது. தன் வகுப்பில் ஒரு குழந்தை பின்தங்குகிறதே என்று அவர் உண்மையாகவே தவித்தார்.

அன்று மாலை அப்பாவிடம் விஷயம் போயிற்று. அப்பா கொடுமைக்காரர் இல்லை, தங்கை மேல் அவருக்கு உயிர். "படிப்பு வராத பொண்ண எதுக்குப் போட்டுப் பேஜார் பண்ணணும்? வீட்ல இருந்துட்டு உனக்கு ஒத்தாசை பண்ணட்டும்," என்றார். அதாவது ஆறு வயதில் தங்கையின் படிப்பு முடிந்தது. எங்கள் தெருவில் அப்படி முடிந்துபோன பெண்கள் எத்தனையோ பேர். மாடத்தில் சிலேட்டை வைத்துவிட்டு அம்மியடியில் உட்காரவைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவும் மாட்டார்கள்.

அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "இன்னொரு இஸ்கூல் பாக்கறேன். அங்கயும் வரலன்னா நீங்க சொல்றபடி," என்றாள். மறுநாளிலிருந்து அவள் வாசல் வாசலாகப் போய் நிற்க ஆரம்பித்தாள்.

அம்மாவுக்குப் பள்ளிகளை ஒப்பிட ஒரு சொந்த வழி இருந்தது. யாரிடமும் விசாரிக்க மாட்டாள், உள்ளே போய்ப் பார்க்கவும் மாட்டாள். பள்ளி விடுகிற நேரத்துக்குப் போய் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு, பிள்ளைகள் எப்படி வெளியே வருகிறார்கள் என்று பார்ப்பாள். காய்கறிக்காரியிடம் முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பதுபோல அவளுக்கு அது ஒரு பரீட்சை. மிஷன் வாசலில் எங்களை அழைத்துப்போக வந்து நின்று நின்று ஏற்பட்ட பழக்கம் இது. நாங்கள் வெளியே வந்ததும் முந்தானையால் எங்கள் கையில் ஒட்டிய பலப்ப மாவைத் துடைத்துவிட்டுத்தான் நடக்கவிடுவாள்.

கான்வென்ட் பின்வாசலில் என்னையும் கூட்டிக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் வரிசையாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வந்தார்கள். "சாவு வீட்லேருந்து வர்றாப்பல வருதுங்க. வேணாம்," என்றாள். சம்பளம் கட்ட வழியில்லை என்பது அடுத்த விஷயம். அம்மா அந்தக் காரணத்தைச் சொல்லவே இல்லை. உருதுப் பள்ளியிலிருந்து பிள்ளைகள் சிரித்துக்கொண்டு ஒருவர் குல்லாயை ஒருவர் பறித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "பாஷை மட்டும் தெரிஞ்சிருந்தா இங்கயே போட்டிருப்பேன்," என்று பெருமூச்சு விட்டாள். அதை அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

கடைசியாக முனிசிபல் பள்ளி. அங்கே மணிகூடக் கிடையாது; தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டைத்தான் தட்டுவார்கள். தட்டியதும் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கலாட்டாவாக வெளியே வந்தார்கள். எல்லோருக்கும் பின்னால் வாத்தியார் ஓடிவந்தார். ஒல்லியான சின்ன வயசுக்காரர்; கோட்டில் ஒரு பொத்தான் இல்லை. கையில் யாருடைய சிலேட்டையோ தூக்கிப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "டேய், சிலேட்ட உட்டுட்டுப் போறியே! நாளைக்கு என் முதுகுலயாடா எழுதுவ?"

பையன் திரும்பி ஓடிவந்தான். வாத்தியார் சிலேட்டால் அவன் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்தார். அவன் பயப்படவே இல்லை. அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் வீதியில் சிரித்து நான் பார்த்ததில்லை. மறுநாளே தங்கையை அங்கே சேர்த்துவிட்டாள். தெருக்குழாயடியில் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கல் கட்டடத்திலிருந்து எடுத்துக் குதிரை லாயத்தில் போட்டவள் என்று அம்மாவுக்குப் பெயர் வந்தது.

கொஞ்ச நாள் கழித்து அம்மாவால் பொறுக்க முடியவில்லை. தங்கையைக் கூப்பிடப் போன இடத்தில் வாத்தியாரிடமே கேட்டுவிட்டாள்.

"சார், எங்க பொண்ணு எந்தக் கையால எழுதறா?"

வாத்தியார் விழித்தார். "கவனிக்கலையேம்மா. எனக்கு நாப்பது புள்ளைங்க. எண்பது கை. எது எதுன்னு எங்க பாக்கறது? எழுத்து சரியா இருக்கான்னு பாக்கவே நேரம் போதல."

தங்கைக்குத் தேவையாக இருந்தது அந்தக் கவனக்குறைவுதான். ஒரே கூடத்தில் மூன்று வகுப்புகளைக் கட்டி மேய்க்கும் மனிதர், ஒரு ஓரமாக அவளை உட்காரவைத்துவிட்டு மறந்துபோனார். அந்த ஓரத்தில் அவள் எழுதக் கற்றுக்கொண்டாள். இடது கையால் எழுதினால், எழுத எழுத உள்ளங்கை ஓரம் பட்டு முன்னால் எழுதியது அழிந்துபோகும். அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சிலேட்டைக் குறுக்கே திருப்பி வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாக எழுதுவாள். எழுதி முடித்துச் சிலேட்டை நேராகத் திருப்பினால் எழுத்தெல்லாம் வரிசையாக நிமிர்ந்து நிற்கும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. காலையில் வாந்தி எடுப்பதும் நின்றது. வாய் மறுபடி ஓயாமல் பேச ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பரீட்சை வைத்தார். இவள் சிலேட்டைக் குறுக்கே திருப்பியதும் அவர் முகம் சுருங்கிற்று. எழுதி முடித்து நேராக்கிக் காட்டியதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தார். "எழுத்து நல்லாத்தான் இருக்கு. கைதான்..." என்று இழுத்தார். பிறகு, "சரி, வருஷம் முடியட்டும் பாக்கலாம்," என்று ஈஸிசேரில் சாய்ந்துவிட்டார். அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

வருஷம் முடிவதற்குள் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் வருகிற நாளைப் பற்றி இங்கே விளக்கிச் சொல்ல வேண்டும். பள்ளியில் போதுமான பிள்ளைகள் இல்லை என்று அவர் மேலே சொல்லிவிட்டால், சர்க்கார் உதவி குறையும். ரொம்பக் குறைவாக இருந்தால் பள்ளியையே மூடிவிடுவார்கள். நாற்பது பேர் பெயருக்குத்தான். மழைக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் வீட்டு வேலைக்கும் போனது போக முனிசிபல் பள்ளியில் பாதிகூட வராது. மிஷனிலும் சின்ன வகுப்பு பெஞ்சுகள் சில காலியாகத்தான் கிடக்கும். வருஷம் முழுக்க இரண்டு பள்ளியும் ஒன்றையொன்று ஏசிக்கொண்டிருக்கும். "லாயத்துப் பள்ளி" என்று இவர்கள் சொல்வார்கள், "பொம்மைக்குப் படிக்கிறவங்க" என்று அவர்கள் சொல்வார்கள். இன்ஸ்பெக்டர் வருகிற அந்த ஒரு நாள் மட்டும் இரண்டும் சம்பந்தி வீடுகளாகிவிடும். காலையில் அவர் மிஷனைப் பார்ப்பார், அப்போது முனிசிபல் பிள்ளைகள் இங்கே வந்து உட்காருவார்கள். மத்தியானம் அவர் முனிசிபல் பள்ளிக்குப் போவார், அப்போது மிஷன் பிள்ளைகள் லாயத்துச் சந்து வழியாக ஓடி அங்கே போய் உட்காருவோம். எல்லோருக்கும் தெரியும். எந்தப் பெற்றோரும் இதைத் தப்பு என்று நினைத்ததில்லை. விசேஷத்துக்குப் பக்கத்து வீட்டில் அண்டா இரவல் வாங்குவது மாதிரிதான் இதுவும்.

அந்த வருஷம் புது இன்ஸ்பெக்டர், கெட்டிக்காரர் என்று பேச்சு வந்திருந்தது. ஆகவே பெரியவர்கள் கூடி யோசித்து ஏற்பாடு செய்தார்கள். பெண்களுக்குக் காலையில் இரட்டைப் பின்னல், மத்தியானம் ஒற்றைப் பின்னல். காலையில் வெறும் நெற்றி, மத்தியானம் பொட்டு. பையன்களுக்கு மத்தியானம் குல்லாய். ஒருவரையொருவர் தெரிந்ததுபோலக் காட்டிக்கொள்ளக் கூடாது. இத்தனையும் யோசித்தவர்களுக்குக் கை மட்டும் ஞாபகம் வரவில்லை.

காலையில் தங்கை இரட்டைப் பின்னலோடு மிஷனுக்கு வந்தாள். டீச்சரம்மா அவளைப் பார்த்ததும் கொஞ்சம் தடுமாறினார். பிறகு பழைய பெஞ்சிலேயே உட்காரவைத்துக் குனிந்து ஏதோ சொன்னார். நாடா கட்டவில்லை. கட்டவே வேண்டியிருக்கவில்லை. அந்த பெஞ்சில் உட்கார்ந்ததும் தங்கை தானே இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். தட்டி இடுக்கில் நான் அதைப் பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர் கன்னடக்காரர். ஜரிகைத் தலைப்பாகை, நிதானமான குரல். சின்ன வகுப்பில் எல்லோரையும் 'அம்மா, ஆடு' எழுதச் சொன்னார். பெஞ்சு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் தங்கையிடம் நின்றார். சிலேட்டில் ஒன்றுமில்லை. முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்த வாயை இறுக மூடிக்கொண்டு அவள் அவரைப் பார்த்தாள்.

"ஏன் பாப்பா, எழுதத் தெரியாதா?"

டீச்சரம்மா முந்திக்கொண்டு, "புதுசு சார், கொஞ்சம் மந்தம்," என்றார். இன்ஸ்பெக்டர் அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தார். நகர்ந்தவர் மறுபடி ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

மத்தியானம் லாயத்துச் சந்தில் எங்களை ஓட்டிக்கொண்டு டீச்சரம்மாவே வந்தார். நடந்துகொண்டே எங்கள் பின்னலை அவிழ்த்து ஒற்றையாக்கிவிட்டார். முனிசிபல் கூடம் அன்று நிரம்பி வழிந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், குதிரை வாசனைக்கு ஊதுவத்தி ஏற்றியிருந்தார்கள். வாத்தியார் கோட்டுக்குப் பொத்தான் தைத்திருந்தார். நான் தங்கைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். டீச்சரம்மா வாசல்படி ஓரமாக நின்றுகொண்டார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். இங்கேயும் எழுதச் சொன்னார். தன்னுடைய மூலையில் தன்னுடைய சிலேட்டு கிடைத்ததும் தங்கைக்கு உலகமே மறந்துபோயிற்று. சிலேட்டைக் குறுக்கே திருப்பினாள், இடது கையில் பலப்பத்தை எடுத்தாள், நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு கடகடவென்று எழுதினாள். அவர் 'அம்மா, ஆடு' சொன்னார். இவள் அதோடு நிற்காமல் இலை, ஈ என்று போய்க்கொண்டே இருந்தாள். சிலேட்டைக் குறுக்கே வைத்து எழுதும் பிள்ளையை அவர் எங்கேயும் பார்த்திருக்க மாட்டார். நேராக அவளிடம் வந்தார். சிலேட்டை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் படித்தார். "ரொம்ப நல்லா இருக்கே!" என்றார். தங்கை குஷியாகிச் சிரித்தாள். விழுந்த பற்களின் இடம் தெரிந்தது. அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"நீ காலையிலே அந்தப் பள்ளியிலே இருந்தே இல்லே?"

லாயத்தில் ஒரு குதிரை குளம்பால் தரையைத் தட்டுவது மட்டும் கேட்டது. வாத்தியாரின் முகத்தில் ரத்தம் இல்லை. தங்கையின் பின்னலைப் பிடித்து இழுத்து எச்சரிக்கலாமா என்று என் கை துடித்தது. இன்ஸ்பெக்டர் அதட்டவில்லை. குந்தி உட்கார்ந்து, அவள் உயரத்துக்கு வந்து கேட்டார்: "அங்கே ஏன் எழுதலே பாப்பா?"

தங்கைக்கு இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று தெரியாது. இடது கையை அவர் முன்னால் தூக்கிக் காட்டினாள்.

"அங்க எனக்கு இந்தக் கை இல்ல."

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று வாசலைப் பார்த்தார். டீச்சரம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கடைசியில் பேசியவர் வாத்தியார்தான்.

"மிஷன் பிள்ளைங்கல்லாம் எழுந்துருங்க," என்றார் மெதுவாக. "வீட்டுக்குப் போங்க. சார், மிச்சம் இருக்கறதுதான் என் புள்ளைங்க."

நாங்கள் எழுந்தோம். கூடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில தலைகள் மட்டும் மிஞ்சின. தங்கை என்னை அண்ணாந்து பார்த்து, "எங்கக்கா போற? இன்னும் முடியலையே," என்றாள்.

விடுமுறை முடிந்தபோது முனிசிபல் பள்ளி திறக்கவில்லை. பிள்ளைகளை எல்லாம் மிஷனில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. இன்ஸ்பெக்டரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பார்த்ததை அவர் சொன்னார். காலியாக இருந்த பெஞ்சைக் காலி என்றுதானே சொல்ல முடியும்? வாத்தியாருக்கு ஊர்க்கோடியில் வேறு ஒரு பள்ளி கிடைத்தது. போவதற்கு முன் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நான் வேணா மிஷன்ல போயி சொல்லிட்டு வரவாம்மா? பொண்ணு கையக் கட்ட வேணாம்னு?"

"நீங்க எதுக்கு சார் போயி நிக்கணும்? நான் பேசிக்கறேன்," என்றாள் அம்மா.

அவர் தங்கையைக் கூப்பிட்டு ஒரு முழுப் பெட்டி பலப்பம் கொடுத்தார். அவருக்கு இருந்த நிலைமையில் அது பெரிய காரியம். அப்பாவுக்கும் வருத்தம்தான். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான்: "மிஷன்ல மறுபடி அதே கதை ஆச்சுன்னா அவ்வளவுதான். கொழந்தைய இன்னொரு தரம் வதைக்க என்னால முடியாது." அம்மா தலையாட்டினாள். இனி ஒப்பிட வேறு பள்ளியும் இல்லை.

திறக்கிற நாள் காலையில் அம்மா எங்களை அழைத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. டீச்சரம்மாவிடம் போடப் போகிற சண்டையை அவள் ஒத்திகை பார்த்தாள். முழுதாக என் காதில் விழவில்லை. "நாடா" என்பதும் "உங்க புள்ளையா இருந்தா" என்பதும் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டன. ஆனால் வாசலில் கூட்டம். முனிசிபல் பிள்ளைகளும் அவர்கள் தாய்மாருமாக ஒரே நெரிசல். டீச்சரம்மா பிள்ளைகளை வாங்கி வாங்கி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். தங்கையையும் வாங்கி அனுப்பிவிட்டார். அம்மாவுக்குச் சண்டை போட இடம் கிடைக்கவில்லை. "சாயங்காலம் வரேன்," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் குரலில் சாயங்காலம் என்ன நடக்கும் என்பது தெரிந்தது.

நான் தட்டி ஓரத்தில் இடம் பிடித்தேன். தங்கை பழைய பெஞ்சில், சட்டத்தின் ஓரமாக, யாரும் சொல்லாமலே போய் உட்கார்ந்திருந்தாள். டீச்சரம்மா ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சிலேட்டை வைத்தபடி வந்தார். அவர் பக்கத்தில் வந்ததும் தங்கை இடது கையை எடுத்து பெஞ்சுச் சட்டத்தின் மேல் வைத்தாள். கட்டுவதற்கு வசதியாக மணிக்கட்டைத் திருப்பிக்கூட வைத்தாள். வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

டீச்சரம்மா அப்படியே நின்றுவிட்டார். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. பின்வரிசையில் இரண்டு பேர் பிடித்துத் தள்ளிக்கொண்டார்கள்; அவர் திரும்பவில்லை. பிறகு பெஞ்சின் முன் முட்டி போட்டு உட்கார்ந்தார். வெள்ளைப் புடவை மண்ணில் பட்டது. சட்டத்திலிருந்து தங்கையின் கையை எடுத்தார், அதில் பலப்பத்தை வைத்தார், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். சிலேட்டை அவர் நேராகத்தான் வைத்திருந்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு அதைத் தன் கையாலேயே குறுக்காகத் திருப்பி வைத்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்திலிருந்த பெண் என்ன ஆச்சு என்று கேட்டாள். தூசி என்றேன்.

சாயங்காலம் அம்மா வாசலில் தயாராக நின்றிருந்தாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். தங்கை கும்பலோடு ஓடிவந்து அவள்மேல் மோதினாள். அம்மா வழக்கம்போல அவள் கையைத் துடைக்கப் பிடித்தாள். இடது கை. சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை அந்த ஓரம் முழுவதும், எழுதி எழுதி அழித்ததில், பலப்ப மாவு வெள்ளையாக அப்பிக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். உள்ளே டீச்சரம்மா நின்றிருந்த பக்கம் ஒருமுறை பார்த்தாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

அன்று அவள் அந்தக் கையைத் துடைக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு வீடு வரை நடந்தாள்.